அக்கா கோடு போடாமல் எழுதிய பரீட்சை

எம்.காம். படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "எதுக்கும்மா?" என்பதுதான். குத்தலாகக் கேட்கவில்லை. நல்ல மனிதர், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. பதினாலு பேர் இரும்போடும், நான் ஒருத்தி காகிதத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். "நம்ம பட்டறை கணக்குக்கு நீ படிச்ச பி.காமே ஜாஸ்திம்மா," என்றார். அதுவும் உண்மைதான்.

அந்த பி.காமையே நான் தபாலில்தான் படித்திருந்தேன். கல்லூரிப் படி ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் சொல்லிக் கேட்டது கிடையாது. புத்தகம் கட்டாக வரும். பிரித்துப் படிப்பேன். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போவேன். அப்படித் தாண்டித் தாண்டியே பாஸும் ஆகிவிட்டேன். பிறகு பட்டறையில் வேலை செய்யும்போதுதான் அந்தக் கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக உறுத்த ஆரம்பித்தன. எம்.காம். சேர்ந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. தாண்டி வந்த இடத்துக்கெல்லாம் ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். இதை முதலாளியிடம் விளக்க எனக்குத் தெரியவில்லை. "சும்மாதான் சார்," என்றேன். "சும்மான்னா சரி," என்றார்.

எம்.காமும் தபால்தான் என்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முக வகுப்பு வைத்தார்கள். இரும்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நடுத்தர வயசு ஆட்கள் ஆறாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே சிரிப்பு வரும். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ரசிக்கும்படி ஒன்று சொல்லிவிட்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிடுவேன். எம்.காம். நோட்டுகளில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் சீக்கிரம் நிரம்பியது. முதல் நாளே பக்கத்தில் இருந்த ஒருவர், "வீட்ல என் பையன் ஆறாங்கிளாஸ், இங்க நானும் ஆறாங்கிளாஸ் பெஞ்சு. அவனாவது பாஸாயிடுவான்," என்றார். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

கூடப் பிறக்காத அந்த அக்காவை முதன்முதலில் பார்த்ததும் அந்த வகுப்பில்தான். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு. ஒரு பொருள் மூன்று கட்டமாகத் தயாராகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு செலவு, எவ்வளவு சேதாரம் என்று காட்ட வேண்டிய கணக்கு. வகுப்பெடுத்தவர் கணக்கைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அது பழகிய வேலை. லோடு ஏற்ற வந்த டிரைவர் டீயை முடிப்பதற்குள் சலானின் பின்பக்கத்தில் எடை, சேதாரம் எல்லாம் கிறுக்கிக் கொடுத்துப் பழகிய கை. மளமளவென்று முடித்துவிட்டு நிமிர்ந்தேன். எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருந்தது. அதனால் என்ன, விடை வந்துவிட்டதே!

எனக்கு முன் பெஞ்சில் ஓர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் பின் குத்தியிருந்த விதத்திலேயே டீச்சர் என்று தெரிந்தது. அவர் இன்னும் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் மார்ஜின். மேலே இரட்டைக் கோடு. விவரத்துக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம். கணக்கில் தேதியே கிடையாது, ஆனாலும் தேதிக்கு ஒரு கட்டம். பென்சிலை நடுவில் இரண்டு முறை சீவிக்கொண்டார். அச்சடித்தது போன்ற அழகு. ஆனால் உள்ளே ஓர் எண் கூட இல்லை.

வாய் சும்மா இருக்குமா? "அக்கா, வீடு கட்டி முடிச்சுட்டீங்க. எப்போ குடி வருவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பி முறைப்பதற்குள் பக்கத்து வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். "வாஸ்து பாத்துக்கினு கீறாங்க தங்கச்சி. அவசரப்படாத," என்றார். அவர்தான் பாய். மேற்குத் தாம்பரத்தில் சாமியானா, நாற்காலி, பிரியாணி தேக்சா எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். முறைக்க வந்த அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பசங்க எனக்கு ஸ்கேல் மிஸ்னுதான் பேர் வெச்சிருக்காங்க. அடிக்கறதுக்கு இல்ல, கோடு போடறதுக்கு," என்றார்.

அன்று வகுப்பு முடிந்து மூவரும் டீக்கடையில் நின்றபோது அக்கா தன் கதையைச் சொன்னார். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாக பிளஸ் டூவுக்கு அக்கவுண்டன்சி எடுக்கிறார். வருஷம் தவறாமல் அவர் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது சென்டம் வாங்குவார்கள். ஆனால் பிளஸ் டூவுக்கு எடுக்க எம்.காம். வேண்டும், அக்காவிடம் இருப்பது பி.காமும் பி.எட்டும். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "கரெஸ்பாண்டன்ட் கூப்பிட்டு சொல்லிட்டாரு. இந்த வருஷம் நீங்களே எடுங்க மிஸ், அடுத்த ஜூன்ல எம்.காம். இல்லாம பிளஸ் டூவுக்கு அனுப்ப முடியாது, இன்ஸ்பெக்‌ஷன்ல என்னால பதில் சொல்ல முடியலைன்னு. ஆறாங்கிளாஸ் மேத்ஸ் குடுக்கறாராம்."

எம்.காமில் மற்ற எல்லாப் பேப்பரையும் அக்கா முடித்துவிட்டார். பாக்கி இந்த காஸ்ட் ஒன்றுதான். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. முதலில் நாற்பத்து மூன்று, அடுத்து நாற்பத்தாறு. ஐம்பது எடுத்தால்தான் பாஸ். டிசம்பரில் எழுதினால்தான் ஜூனுக்குள் மார்க் வரும். அதை விட்டால் அவ்வளவுதான்.

"ஆறாங்கிளாஸும் கிளாஸ்தான்கா," என்றேன், ஏதோ ஆறுதல் சொல்லும் நினைப்பில்.

"கிளாஸ்தான். யாரு இல்லேன்னா? ஆனா பேலன்ஸ் ஷீட் ரெண்டு பக்கமும் மொத தடவை ஒண்ணா வரும்போது அந்தப் பசங்க மூஞ்சியைப் பாத்திருக்கியா நீ? ஏதோ அவனே கண்டுபிடிச்ச மாதிரி திரும்பிப் பாப்பான். அதை இனிமே வேற யாரோ பாப்பாங்க," என்றார் அக்கா. டீ ஆறிவிட்டது. அதை அப்படியே வைத்துவிட்டார்.

அவர் ஏன் ஃபெயில் ஆனார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. மூன்று மணி நேரத்தில் ஐந்து கணக்கு, ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். அக்காவுக்கு ஒரு கணக்குக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். இரண்டு முழுசாக முடிந்து, மூன்றாவதுக்குக் கட்டம் கட்டி எண் எழுத ஆரம்பிக்கும்போது பேப்பரை வாங்கிவிடுவார்கள். எழுதிய வரைக்கும் ஒரு தப்பு இருக்காது. இப்படித் தப்பே செய்யாமல் ஃபெயிலாகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நம்ம குடோனுக்கு வாங்க டீச்சரம்மா," என்றார் பாய். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் காலியாத்தான் கெடக்குது. நாற்காலிக்கும் டேபிளுக்கும் பஞ்சமே இல்ல. நீங்க கோட்டை உடுறீங்க, இந்தத் தங்கச்சி கையெழுத்தைத் திருத்துது, நான் பாஸாகறேன்."

பாய்க்கு என்ன அவசரம் என்று கேட்டேன். அவர் சொன்னதை அன்றே பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "நம்மகிட்ட சாமியானா எடுக்கற வூட்டுப் பத்திரிகை எல்லாம் என் கைக்கு வந்துரும். பேருக்குப் பின்னாடி 'எம்'ல ஆரம்பிக்கற பட்டம் ஏதோ ஒண்ணு இல்லாத ஆளே கெடையாது. என் கடைசித் தங்கச்சி நிக்காஹ் பத்திரிகைல நான் மட்டும் வெறும் பி.காமா நிக்கணுமா?"

குடோன் முடிச்சூர் ரோடு பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. தகரக் கூரை, நாலு ஆள் உயரத்துக்கு அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் கவிழ்த்து வைத்த தேக்சாக்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆளை உள்ளே உட்கார வைக்கிற அளவு பெரிசு. என்னதான் கழுவி வைத்திருந்தாலும் பட்டை கிராம்பு வாசம் போகாது. மதியம் சாப்பிட்டு வந்தாலும் பசிக்கும். முகூர்த்த நாள் என்றால் நாற்காலி எல்லாம் போய்விடும், ஜமுக்காளத்தில் உட்காருவோம். வெறும் ஞாயிறு என்றால் மூன்று பேருக்கும் ராஜ மரியாதை. நாற்காலிக்கு மேல் நாற்காலி போட்டு உயரமாக உட்கார்ந்து படிப்போம்.

நேரம் பார்ப்பது பாயின் பொறுப்பு. அவரும் எழுதிக்கொண்டே, முப்பத்தைந்து நிமிஷம் ஆனதும் எழுந்து போய்ப் பெரிய கரண்டியால் ஒரு தேக்சாவை ஓங்கி அடிப்பார். தகரக் கூரை அதிரும். "அவ்ளோதான், தம்மை ஒடைச்சாச்சு!" என்பார். "வெந்துச்சா வேகலையான்னு பாக்கவே கூடாது. அடுத்த தேக்சாவுக்குப் போய்க்கினே இருக்கணும்." முதல் அடிக்கு அக்கா பயந்து எழுந்து நின்றுவிட்டார். பேப்பரில் மார்ஜினும் தலைப்பும் முடிந்து, விவரக் கட்டம் பாதியில் இருந்தது.

இரண்டாவது வாரம் பாய் அக்காவின் ஸ்கேலை வாங்கித் தேக்சாவுக்குள் போட்டு மூடிவிட்டார். அக்கா பழைய ஹால் டிக்கெட்டின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டார். அதையும் வாங்கினோம். கால்குலேட்டர் உறையை வைத்துப் போட்டார். அதையும் வாங்கினோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை, சரி எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தால், டீ கொண்டு வந்த செவ்வகத் தட்டைத் துடைத்து, அதன் விளிம்பை வைத்து இரட்டைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி," என்றார் பாய், கையைத் தலையில் வைத்துக்கொண்டு. "ஒலகத்துல இருக்கற நேரான சாமான் எல்லாத்தையும் நம்மளால ஒளிச்சு வெக்க முடியாது."

இதில் இன்னொன்றும் நடந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு அந்தக் கோடுகள் பிடித்துவிட்டன. பட்டறையில் மத்தியானம் கரண்ட் போகும் நேரங்களில் ஸ்டாக் ரிஜிஸ்டரில் மார்ஜின் போட ஆரம்பித்தேன். பிறகு இரட்டைக் கோடு. நவம்பரில் வந்த ஆடிட்டர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "யாரும்மா புதுசா வந்திருக்கறது?" என்று கேட்டார். "நான்தான் சார்," என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு. நல்ல மழை. அன்று முகூர்த்தம் வேறு, குடோனில் ஒரு நாற்காலி இல்லை. ஜமுக்காளம் ஓரத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பாய்க்குக் காலையிலிருந்தே சாமியானா காற்றில் கிழிந்த கவலை. இரண்டாம் முறை தேக்சாவை அடித்துவிட்டு வந்து பார்த்தால் அக்கா இன்னும் முதல் கணக்கில் இருந்தார்.

"இன்னா டீச்சரம்மா இது? பரிட்சை எழுதறீங்களா, கோலம் போடறீங்களா? ஒரே பேஜாரா கீது!" என்றார் பாய். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "ஒன்பது வருஷம் பாய். ஒன்பது வருஷமா ஒவ்வொரு பையன்கிட்டயும் சொல்லியிருக்கேன், கோடு போடாதவன் கணக்கை நான் பாக்கவே மாட்டேன்னு. சிலது அழும், அப்பவும் விட மாட்டேன். இப்ப நான் பாஸாகறதுக்காக நானே கோட்டை விட்டுட்டு எழுதினா, அதுங்ககிட்ட இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யா?" அவர் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தாலாவது ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். புத்தகங்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டார். பாய் குடையை எடுத்துக்கொண்டு சந்து முனை வரை ஓடினார். அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது. "நான் பேசினது தப்பு தங்கச்சி. நீ போய்ப் பாரு. நான் வந்தா கதவத் தொறக்க மாட்டாங்க," என்றார் பாய். நான் பஸ் பிடித்து கேம்ப் ரோட்டில் இறங்கி, தேங்கிய தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து அக்கா வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். "உள்ள பேப்பர் திருத்திக்கிட்டிருக்கா. நீயாவது பேசும்மா. என்கிட்ட ஒரு வாரமா 'சாப்பாடு ரெடி'ங்கற ரெண்டு வார்த்தையைத் தவிர ஒண்ணும் இல்ல," என்றார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து பிளஸ் டூ மாதத் தேர்வு பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கால் ஈரமா இருக்கு, துடைச்சுட்டு உக்காரு," என்றார். அவர் திருத்தி முடித்த பேப்பர்களை எடுத்து நான் மார்க் கூட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். சும்மா இருக்கும் கைக்கு ஒரு வேலை.

எல்லாப் பேப்பரும் அக்காவின் பேப்பர் மாதிரியே இருந்தன. மார்ஜின், இரட்டைக் கோடு, கட்டம். அவரே நாற்பது தடவை எழுதியது போல. நடுவில் ஒரே ஒரு பேப்பர் மட்டும் என் பட்டறை சலான் மாதிரி இருந்தது. மார்ஜினுக்குப் பதிலாகத் தாளை மடித்திருந்தான். மற்றபடி ஒரு கோடு இல்லை. ஓரத்தில் அக்காவின் சிவப்பு மையில் 'கோடு எங்கே?' என்று பெரிதாக எழுதியிருந்தது. கீழே மார்க்கைப் பார்த்தேன். இருபதுக்கு இருபது.

"அக்கா, இவன் கோடே போடலையே?"

"ம்."

"முழு மார்க் போட்டிருக்கீங்க?"

"பாவம், அவனுக்கு நேரம் பத்தலை போல இருக்கு. கணக்கு சரியாத்தானே இருக்கு? அதுக்குப் போய் எப்படி மார்க்கை..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். சிவப்புப் பேனா கையில் அப்படியே நின்றது.

அந்தப் பேப்பரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வெளியே மழைத் தண்ணீரில் ஒரு டூவீலர் போகப் பாடுபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "பாக்கவே மாட்டேன்னு சொல்லுவேன். ஆனா பாக்காம இருந்ததில்ல," என்றார் அக்கா, தனக்குத்தானே சொல்வது போல.

"உங்க பேப்பரைத் திருத்தறவங்களும் உங்களை மாதிரி ஒரு மிஸ்ஸா இருந்தாங்கன்னா?" என்றேன்.

"இருந்தா 'கோடு எங்கே'ன்னு எழுதுவாங்க," என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். "எழுதட்டும் போ." உள்ளே எழுந்து போய் எனக்குச் சூடாகத் தோசை ஊற்றினார். அவர் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்து, எனக்கு இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டார்.

பரீட்சை நடந்ததும் ஆறாம் வகுப்பு பெஞ்சில்தான். வாசலில் பாய் அக்காவைப் பார்த்ததும் நெளிந்தார். "டீச்சரம்மா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தவரை அக்கா முடிக்க விடவில்லை. "பாய், இந்தாங்க," என்று ஒரு ஜியாமெட்ரி பாக்ஸை நீட்டினார். ஸ்கேல், பென்சில், ரப்பர் எல்லாம் உள்ளே. "உங்க வண்டி டிக்கியில வெச்சுப் பூட்டிடுங்க. கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது." இரண்டு பேனா மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு இடம் அவருக்கு இரண்டு பெஞ்ச் பின்னால். அவர் முதுகு தெரிந்தது. பேப்பரைக் கொடுத்ததும் அவர் இடது கை தானாக மேஜையில் எதையோ தேடியது. ஒன்றும் இல்லை. கை மடிக்குத் திரும்பியது. ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை. நான் அரைமணிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். அவர் தாளைத் திருப்பும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம். கூடுதல் தாள் வேண்டும் என்று கையைத் தூக்கியபோது கைதட்டாத குறை. பாய் பக்கத்து வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தேக்சா இல்லாததால், முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மணி அடித்து வெளியே வந்ததும் அக்காவின் முகம் சிவந்திருந்தது. "நாலே முக்கால்!" என்றார். "நாலே முக்கால் கணக்கு போட்டுட்டேன். அவசரத்துல எங்கெங்க தப்பு விட்டேனோ. ஆனா கடவுளே, தலை வாராம கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்துச்சு. யாரு பாக்கறாங்களோ, யாரு சிரிக்கறாங்களோன்னு கையெல்லாம் கூசுது." பாய் நாலு போட்டிருந்தார். "நீ அஞ்சும் முடிச்சிருப்ப," என்றார் என்னிடம். "ஆங், ஆமாண்ணா," என்றேன்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. கேம்ப் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றோம். முதலில் அக்காவின் நம்பர். பக்கம் திறக்க அரை யுகம் ஆனது. கடைக்காரர், "எல்லாரும் இதையேதான் பாக்கறாங்கக்கா, அதான் சுத்திக்கிட்டே இருக்கு," என்றார். அக்கா திரையைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கட்டண விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான்தான் பார்த்தேன். அறுபத்தொன்று.

"அக்கா, அறுபத்தொண்ணு!" என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். எண்ணை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு, "ஒரு கோடு இல்லாம," என்றார்.

பாய்க்கு ஐம்பத்திரண்டு. "போதும், பத்திரிகைல மார்க் போட மாட்டாங்க," என்றார். கடைசியாக என் நம்பர். நாற்பத்தேழு.

அக்கா என்னை அவர் மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீதான் எல்லாத்தையும் அரை மணில முடிக்கறவளாச்சே. எத்தனை கணக்கு போட்ட?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "ரெண்டே முக்கால்கா."

"ஏன்?"

"கோடு போட்டேன்கா."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்துக்குமா?"

"மார்ஜின், இரட்டைக் கோடு, தேதிக் கட்டம். அழகா வந்துச்சுக்கா. அப்புறம் உங்க முதுகையே பாத்துக்கிட்டிருந்ததுல கொஞ்சம் நேரம் போயிடுச்சு."

பாய் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும் வரை நிறுத்தவில்லை. "ஒருத்தர் சீக்கை இன்னொருத்தர் வாங்கிக்கினாங்கப்பா," என்றார். அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே கோபம். யார் மேல் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு உள்ளே சுருக்கென்று இருந்தாலும், பெரிய வருத்தம் என்று சொல்ல முடியாது. எனக்கு மே இருந்தது, அதற்கடுத்த டிசம்பர் இருந்தது. பட்டறையில் யாரும் என்னிடம் மார்க் ஷீட் கேட்கப் போவதில்லை. அக்காவுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

பிரின்ட் எடுத்த தாளை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, கசங்கக் கூடாது என்று ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனார். சனிக்கிழமை அரை நாள், கரெஸ்பாண்டன்ட் இருப்பார். நானும் பாயும் எதிர்ப்பக்கம் ஜூஸ் கடையில் நின்றோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். "அறுபத்தொண்ணு கம்மின்னு சொல்றானோ?" என்றார் பாய். நாற்பதாவது நிமிஷம் அக்கா வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை. பஸ்ஸும் டூவீலரும் விலக, சாலையைத் தாண்டி வந்து என் கையிலிருந்த ஜூஸை வாங்கிக் குடித்தார்.

"என்னாச்சு டீச்சரம்மா?" பாயால் பொறுக்க முடியவில்லை.

"தாளைப் பாத்தாரு. பிள்ளைங்க சென்டம் எடுக்குது, மிஸ் அறுபத்தொண்ணான்னாரு. சரி, பிளஸ் டூ உங்களுக்குத்தான், ஜூன்லேர்ந்து பர்மனென்ட்டாவே போட்டுடறேன்னாரு."

"அப்புறம் என்னக்கா, மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?"

"எழுந்து வாசல் வரைக்கும் வந்துட்டேன். திரும்பக் கூப்பிட்டாரு. மிஸ், அந்த ஆறாங்கிளாஸ் மேத்ஸுக்கு ஆளே கெடைக்கலை, அதையும் சேத்து நீங்களே பாத்துக்கங்கன்னுட்டாரு."

பாய் கையிலிருந்த கிளாஸைக் கடை மேடையில் வைத்துவிட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. சேலையூர் மெயின் ரோடு என்று கூடப் பார்க்காமல், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஜூஸ் கடைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிரித்து ஓய்ந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு மே மாசத்துக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள் எது?"

"தெரியலைக்கா. பாக்கணும்."

"பாக்கணுமா? வா," என்று என் கையைப் பிடித்து மறுபடி பிரவுசிங் சென்டர் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார். "பாய், நீங்க குடோன் சாவியைத் தயாரா வெச்சிருங்க. இவ பையில ஸ்கேல் இருந்தா இப்பவே வாங்கிக்கங்க."

"கொண்டா தங்கச்சி," என்று பாய் கையை நீட்டினார். பையில் இரண்டு இருந்தன. ஒன்றை மட்டும் கொடுத்தேன்.